விட்டுவிட்ட தகடுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1761-ல் டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய குழுவில் ஆறு பேர் போய், கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான் திரும்பியிருக்கிறார். மற்றவர்களுக்கு விஷம் வைக்கப்பட்டதா? தரங்கம்பாடிக்கும் அவர்கள் வருவதாக இருந்ததாமே? நீபூரின் பயணநூலைத் தமிழில் சுருக்கி எழுதிவருகிறேன். படத்தகடுகள் எனும் படப்பக்கங்களையும் அட்டவணைகளையும் விட்டுவிட்டதில் கதை வேகமாகப் போகிறது. மாதிரிக்கு நான்கு பக்கம் இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விஷமில்லை, மலேரியா. மொழியறிஞர் ஃபான் ஹாவன் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்செனிக் வாங்கியதும், கூட வந்தவர்கள் பயந்ததும் உண்மை. ஆனால் முதலில் இறந்ததே அவர்தான், ஏமனின் மோக்கா துறைமுகத்தில். தரங்கம்பாடி வழி ஆரம்பத் திட்டத்தில் இருந்தது, பிறகு மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

உங்கள் நான்கு பக்கமும் நல்ல தமிழ். அதனால்தான் கோபம் வருகிறது. தகடுகளை விட்டுவிட்டேன் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள்!

1778-ல் வந்த இரண்டாம் தொகுதியை எடுங்கள். 1765 மார்ச்சில் நீபூர் பாரசீகத்தின் பழைய தலைநகரான பெர்சபோலிஸின் இடிபாடுகளைச் சேர்ந்தபோது ஓவியர் பவுரன்ஃபைண்டும் உயிரோடு இல்லை. நில அளவைக்காரரான நீபூரே உட்கார்ந்து மூன்று வாரத்துக்கு மேல் கட்டடங்களை வரைந்தார், கல்லில் ஆப்பு வடிவக் குறிகளாக வெட்டிய பழைய எழுத்தான ஆப்பெழுத்தைப் படியெடுத்தார். அதில் ஓர் எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. நல்லதாயிற்று என்பேன். படிக்கத் தெரிந்தவர் கை, கல்லில் இல்லாததையும் சேர்த்து எழுதிவிடும்.

கல்லில் வரி முறிந்த இடத்தில்தான் தாளிலும் முறித்தார். ஒரே வாசகம் இரண்டு இடங்களில் வெட்டப்பட்டிருந்தது, வரிநீளம் மட்டும் வேறு. ஒன்றில் முதல் வரிக்கு 20 குறி, மற்றதில் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய மூன்றும் அடுத்த வரியின் இடது ஓரத்தில் வந்தால் எழுத்து இடமிருந்து வலம் போகிறது. வலது ஓரத்தில் வந்தால் வலமிருந்து இடம். அவருக்கு அவை இடது ஓரத்தில் கிடைத்தன. வாசகம் ஒன்றுதானே என்று இரண்டாவதைப் படியெடுக்காமல் விட்டிருந்தால்? இடம் மிச்சம் பிடிக்க வரிகளை ஒட்டி எழுதியிருந்தால்? திசை தெரிந்திருக்காது.

எழுத்தில் மூன்று வகை இருப்பதைப் பிரித்தார். எளிய வகையில் 42 குறிகளைப் பட்டியலிட்டார். நீங்கள் தாண்டிப்போன அட்டவணைகளில் அதுவும் ஒன்று. 1802-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பள்ளி ஆசிரியர் கிரோட்டஃபெண்ட் அந்த எழுத்தில் பாரசீக அரசர்களின் பெயர்களைப் பிடித்தது நீபூரின் 24-ஆம் தகட்டை வைத்து.

ஆகவே தகட்டை முழு அகலத்துக்கு அச்சிடுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம், இரண்டு பக்கத்தில் பிரித்து நடு மடிப்பில் நான்கு குறிகளைத் தின்னக் கொடுக்கவும் வேண்டாம். கல்வெட்டுகளுக்கு அவர் இட்ட அடையாள எழுத்துகள் அப்படியே இருக்கட்டும். கதை மெதுவாகப் போனால் போகட்டும். முடித்ததும் படங்களோடு அனுப்புங்கள், படிக்கிறேன்.