உண்ணி கடித்த தடிப்பு: ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி வந்து இரண்டு மாதமாகிறது. பின்புறத் தோட்டத்தில் வெண்டையும் கீரையும் போட்டிருக்கிறேன். பத்து நாளாக இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு தடிப்பு. அரிப்பு இல்லை, வலி இல்லை. படர்தாமரை என்று நினைத்து ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தடவினேன். குறையவில்லை, உள்ளங்கையைவிட அகலமாகிவிட்டது. உடம்பும் அசதியாக இருக்கிறது. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயாக இருக்கலாம் என்று மருமகன் சொல்லி, தடிப்பு வந்த மூன்றாம் நாளே லேபில் ரத்தம் கொடுத்தோம். ‘நெகட்டிவ்’ என்று வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் திருச்சி திரும்புகிறேன். அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாமா? போன வாரம் ஆறு வயதுப் பேரனுக்கும் முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பிடுங்கிவிட்டேன். அவனுக்கு மருந்து கொடுக்க வேண்டுமா?

பதில்: அம்மா, ஊர் திரும்பும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் தடிப்பைக் காட்டுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கு வைத்தியச் செலவை நினைத்தாலே தயக்கம் வருவது எனக்குத் தெரியும். ஆனால் இதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை, பக்கத்தில் இருக்கும், முன்பதிவின்றிப் பார்க்கும் ‘அர்ஜென்ட் கேர்’ சிறு மருத்துவமனை போதும். நியூ ஜெர்சி மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. அதில் பெரும்பகுதி நீங்கள் இருக்கும் வடகிழக்கு மாநிலங்களில்தான். திருச்சியில் காட்டினால், இந்த நோயை நேரில் பார்த்திராத மருத்துவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.

தடிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. படர்தாமரை அரிக்கும், ஓரத்தில் செதில் உதிரும், மெதுவாகத்தான் பரவும். சாதாரணப் பூச்சிக்கடி ஒன்றிரண்டு நாளில் சிவந்து, அரித்து, பிறகு சுருங்கிவிடும். லைம் தடிப்பு உண்ணி கடித்து 3 முதல் 30 நாளுக்குள் வரும், நாளுக்கு நாள் அகலும், தொட்டால் சற்றுச் சூடாக இருக்கலாம், பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. தொந்தரவு இல்லாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் காட்டும் வளையத்துக்குள் வளையம் எல்லோருக்கும் வருவதில்லை. ஒரே சீரான சிவப்பாகவும் இருக்கலாம். அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்தில் அது கன்னிப்போன இடம் மாதிரி மங்கலாகத் தெரியலாம். இன்றே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்குள் மங்கிப்போனாலும் படம் பேசும்.

உண்ணி கடித்ததே நினைவில் இல்லையே என்கிறீர்களா? நோயைக் கொடுப்பது பெரும்பாலும் இளம்பருவ உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும், மே முதல் ஜூலை வரை அதிகம் திரியும். கடித்தால் வலிக்காது.

‘நெகட்டிவ்’ வந்ததை வைத்து நிம்மதியடைய வேண்டாம். அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உங்கள் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது அளவிடும் நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாள் பரிசோதனைக்கு எந்த மதிப்பும் இல்லை. கொடுத்த பணம் வீண் என்றே சொல்வேன். உண்ணி உள்ள இடத்தில் இருந்தவருக்கு இப்படி ஒரு தடிப்பு இருந்தால், ரத்த முடிவுக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்குவதுதான் முறை.

மருந்து பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின், பழைய, விலை குறைந்த மாத்திரை. வழக்கமாக 10 நாள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மாத்திரையைப் பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைச் சில மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் கட்டாயம் சொல்லுங்கள்.

விட்டுவைத்தால் கிருமி நரம்பு, இதயம், மூட்டு என்று போகலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, மயக்கம், படபடப்பு, கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்குவதும் உண்டு. இந்த நோய் கண்டறியப்பட்டதே அப்படித்தான். 1970களின் நடுவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்குவதைத் தாய்மார்கள் விடாமல் எடுத்துச் சொன்னதால்தான் ஆராய்ச்சியே தொடங்கியது.

இனி பேரன். உண்ணி உடலில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் கிருமி இறங்கும். முந்தின நாள் குளிப்பாட்டியபோது அது இல்லை என்றால் ஆபத்து குறைவு. ஒரே ஒரு முறை மட்டும் கொடுக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஆனால் அதை உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள், அதுவும் நெடுநேரம் ஒட்டியிருந்தால்தான் கொடுப்பார்கள். அந்த நேரம் கடந்துவிட்டது. ஒரு மாதம் தோலைக் கவனியுங்கள். காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய், வாசலின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். எண்ணெய் தடவிவிட்டு அது தானாக விழட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் கிருமிதான் உள்ளே போகும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். வாய்ப்பகுதி தோலில் தங்கினால் தோண்ட வேண்டாம், தானாக வெளியேறிவிடும். நகத்தால் நசுக்காதீர்கள்.

தோட்டத்தை விட வேண்டியதில்லை. உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் காத்திருந்து தொற்றிக்கொள்ளும். எனவே புடவையை விட்டு வெளிர்நிறப் பேன்ட் அணிந்து, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். துணியில் மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, தோலில் டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டித் தெளிப்பான். உள்ளே வந்ததும் துணியை டிரையரில் உச்சச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் குளியுங்கள். அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், காதின் பின்புறம், பேரனுக்குத் தலைமுடிக்குள் எல்லாம் தேடுங்கள்.

அதே உண்ணி பேபிசியோசிஸையும் பரப்பும். அது மலேரியா போல ரத்தச் சிவப்பணுவைத் தாக்கும், வயதானவர்களைக் கூடுதலாக வாட்டும், டாக்ஸிசைக்ளினுக்கு அடங்காது. ஆகவே திருச்சி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், டெங்கு, மலேரியா என்று பார்க்கும்போதே நியூ ஜெர்சி தோட்டத்தையும் தடிப்பையும் சொல்லிவிடுங்கள். நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் ஸ்க்ரப் டைபஸ் வேறு நோய். சிறு பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. கடித்த இடத்தில் கருகிய பொருக்கு இருக்கலாம், காய்ச்சல் கடுமையாக அடிக்கும். மருத்துவர் அதையும் தேடட்டும், அமெரிக்காவில் எடுத்த தடிப்பின் படத்தையும் பார்க்கட்டும்.