பழைய ஜீபிஎஸ் கருவியை எறிய வேண்டுமா?

கேள்வி: ஜீபிஎஸ் செய்மதிகளை எல்லாம் புதிதாக மாற்றுகிறார்களாம், படகில் இருக்கும் எங்கள் பழைய கருவி இனி வேலை செய்யாது என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? பொழுதுபட்டபின் சில நாட்களில் இடம் தள்ளித் தள்ளிக் காட்டுகிறது. அதுவும் இதனால்தானா?
- ஆழ்கடல் மீனவர், வாழைச்சேனை

பதில்: வேலை செய்யும், பயப்படாதீர்கள். 2018 டிசெம்பரில் இருந்து ஏவப்படும் ஜீபிஎஸ் 3 செய்மதிகளும் உங்கள் கருவிக்குத் தெரிந்த பழைய எல்1 சமிக்ஞையை அனுப்பத்தான் செய்கின்றன. திகதி பிழையாகக் காட்டினால் அது வேறு கதை: பழைய சமிக்ஞையில் கிழமைக் கணக்கு 1024 கிழமைக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது.

பொழுதுபட்டபின் இடம் தள்ளுவதற்குப் புதுச் செய்மதி காரணமில்லை. நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், இங்கே சூரியன் மறைந்தபின் அயன் மண்டலம் (உயரே உள்ள மின்னேற்றம் கொண்ட காற்றுப் படலம்) கலங்கும், அதற்குள்ளால் வரும் சமிக்ஞை தாமதிக்கும். எல்1 உடன் எல்5 என்ற இன்னொரு அலைவரிசைச் சமிக்ஞையையும் பிடிக்கிற கருவி இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துவிடும். போன கிழமை பின்னேரம் கல்லடிப் பாலத்தில் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் நீலப் புள்ளி மெல்ல நகர்ந்து வாவிக்குள் இறங்கிவிட்டது, எல்5 உள்ளதில் நடைபாதையை விட்டு அசையவில்லை. சமிக்ஞை அடியோடு அறுந்தால் எல்5 உம் உதவாது, அதனால் கலிலியோ, பெய்டோ போன்ற மற்ற நாட்டுச் செய்மதிகளையும் பிடிக்கிற கருவியாகப் பாருங்கள்.

எனக்கு ஆதங்கம் தரையில் நடக்கும் வேலையைப் பற்றித்தான். செய்மதியின் அணுக்கடிகாரம் ஒரு மைக்ரோ செக்கன் பிசகினாலே தூரக் கணக்கில் 300 மீற்றர் பிழை வரும், அதைத் தரையில் இருந்து கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். நமக்குத் தெற்கே டியேகோ கார்சியாத் தீவிலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. மேலே புதுச் செய்மதிகள் போய்ச் சேர்ந்தும் கீழே கட்டுப்பாட்டு மென்பொருள் பிந்தியதால், 2014 இல் தகவல் அனுப்பத் தொடங்கிய ஜீபிஎஸ் எல்5 பல வருடம் முன்னோட்டமாகவே கிடந்தது. கடலில் கிடப்பவனுக்கு அது எவ்வளவு தேவை!

கேள்வி: ஜீபிஎஸ் போல இடம் காட்டும் இந்தியாவின் நாவிக் செய்மதிச் சேவை எங்களுக்கும் கிடைக்குமா?
- மாணவி, கல்முனை

பதில்: கிடைக்கும், இந்திய எல்லைக்கு அப்பால் 1500 கிலோமீற்றர் வரை அதன் பரப்பு. முன்பு எல்5, எஸ் அலைவரிசைகள் மட்டும்தான். 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 என்ற புதுச் செய்மதி எல்1 இலும் அனுப்புகிறது, இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரமும் அதில் இருக்கிறது. ஆனால் பழைய செய்மதிகளில் கடிகாரங்கள் பல பழுதாகிவிட்டன, அதனால் இப்போதைக்கு நாவிக்கை மற்றவற்றோடு சேர்த்தே பயன்படுத்துங்கள்.