கறுப்பு வெள்ளைப் படம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சிவப்புச் சட்டை போட்ட குழந்தை, பின்னால் பச்சைப் புல்வெளி. கலரில் பளிச்சென்று இருந்தது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் சப்பென்று ஆகிவிட்டது சார். ஏன்?

பதில்: சிவப்பும் பச்சையும் நிறத்தில்தான் எதிரிகள். வெளிச்ச அளவில் பல நேரம் இரண்டும் ஒன்றுதான். நிறத்தை உருவினால் இரண்டும் ஒரே சாம்பல். குழந்தை புல்லோடு கரைந்துவிடும். சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) பூஜ்யமாக்கி மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸரில் சிவப்பை ஏற்றி, பச்சையையும் மஞ்சளையும் இறக்கிப் பாருங்கள் (புல்லில் மஞ்சள்தான் நிறைய). சட்டை வெளுக்கும், புல் இருளும். ஆனால் சிவப்பை ஏற்றினால் முகமும் சேர்ந்து வெளுக்கும், கவனம். இதற்கெல்லாம் கலர் தகவல் கையில் இருக்க வேண்டும். ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த தகவல் முழுதும் அப்படியே இருக்கும் கோப்பு) எடுங்கள். கேமரா திரையை மட்டும் மோனோக்ரோமில் வையுங்கள்.

கேள்வி: என் படங்களில் வானம் வெறும் வெள்ளைத் தாள்தான்.

பதில்: நீல வானமா, மூடிய வானமா? நீலம் என்றால் சிவப்பு ஃபில்டர் அதை இருளாக்கும், மேகம் துருத்திக்கொண்டு நிற்கும். 1927-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனதில் இருந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்ற, மீதமிருந்த ஒரே பிளேட்டில் (அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு) அடர்சிவப்பு ஃபில்டர் போட்டார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக வந்த அந்தப் படம்தான் புகழ்பெற்றது. மூடிய வானத்துக்கு எந்தக் கலர் ஃபில்டரும் உதவாது. கேமராவைக் கீழே சாய்த்து வானத்தை வெட்டுங்கள்.

கேள்வி: மூன்றில் ஒரு பங்கு விதி இதற்கும் பொருந்துமா?

பதில்: படத்தை நீளத்திலும் அகலத்திலும் மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்கும் விதிதானே? பொருந்தும். ஆனால் நான் அதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கறுப்பும் வெள்ளையும் மோதும் இடத்துக்குத்தான் கண் முதலில் ஓடும். முகத்தைச் சரியான கோட்டில் வைத்துவிட்டு, மூலையில் ஒரு வெள்ளை நாற்காலியை இருட்டின் நடுவே விட்டுவைத்தால் பார்ப்பவர் நாற்காலியைத்தான் பார்ப்பார். எடுக்குமுன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் மறைந்து திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகள்தான் உங்கள் காம்போசிஷன், அதாவது பட அமைப்பு.

கேள்வி: கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை முழுக்க ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். நடுச்சாம்பல்கள் செத்துவிடும். வேண்டிய இடத்தில் மட்டும் டாட்ஜ் (வெளிச்சமாக்குவது), பர்ன் (இருளாக்குவது).

கேள்வி: வெள்ளைச் சுவர், வெள்ளை உடை. எடுத்தால் அழுக்குச் சாம்பல்!

பதில்: கேமராவின் வெளிச்ச மீட்டருக்கு எல்லாமே நடுச்சாம்பல்தான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). கறுப்பு உடை என்றால் அதே கணக்கு, தலைகீழாக.