ஐபி தெரிஞ்சா வீடு தெரிஞ்சிடுமா?

கேள்வி: ஆன்லைன் கேம்ல சண்டை போட்ட ஒருத்தன் "உன் ஐபி என்கிட்ட இருக்கு, வீட்டுக்கே வருவேன்"னு மிரட்டுறான். நிஜமாவே முடியுமா? விபிஎன் போட்டா போதுமா?

பதில்: பயப்படாதீங்க. ஐபிங்கிறது இன்டர்நெட்ல உங்க கனெக்‌ஷனுக்குக் குடுக்கிற ஒரு நம்பர். வெறும் அத வச்சு அவனுக்குத் தெரியறது உங்க இன்டர்நெட் கம்பெனி பேரும், குத்துமதிப்பா ஒரு ஊரும்தான், அந்த ஊரே பல நேரம் தப்பா காட்டும். மொபைல் டேட்டான்னா ஒரே ஐபிய ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான பேர் கூட ஷேர் பண்ணிட்டு இருப்பாங்க. அமெரிக்காவுல என்ன ஆச்சுன்னா, எங்க இருக்குன்னு சரியா தெரியாத ஐபிக்கெல்லாம் ஐபிய வச்சு இடம் சொல்ற மேக்ஸ்மைண்ட் கம்பெனி மேப்ல நாட்டோட நடுவுல ஒரு புள்ளிய வச்சிருந்தது, அது கான்சாஸ்ல ஒரு பண்ணை வீட்டு மேல விழுந்து, சம்பந்தமே இல்லாத அந்த வீட்டு ஆளுங்கள போலீஸ் வரைக்கும் தேடி வந்து வருஷக்கணக்கா பாடா படுத்திட்டாங்க, 2016ல விஷயம் வெளிய வந்தப்புறம்தான் புள்ளிய ஒரு ஏரிக்கு மாத்தினாங்க. பாவம் அந்தக் குடும்பம்!

எந்த நேரத்துல எந்த ஐபி யார்கிட்ட இருந்துச்சுங்கிற பதிவு (லாக்) இன்டர்நெட் கம்பெனிகிட்ட இருக்கும், அத போலீஸ் சட்டப்படி கேட்டு வாங்கலாம், இவனால முடியாது.

விபிஎன், அதாவது உங்க இன்டர்நெட்ட இன்னொரு கம்பெனி சர்வர் வழியா அனுப்பி ஐபிய மறைக்கிற சர்வீஸ், நல்லதுதான், ஆனா வெப்சைட்டுக்கு மறைக்கிற ஐபி விபிஎன் கம்பெனிக்குத் தெரியும், அதனால ஃப்ரீயா கிடைக்குதேன்னு எதையும் போட்டுடாதீங்க. என்னைக் கேட்டா ஐபிய விட லொகேஷன் பர்மிஷன்தான் ஆபத்து, அது ஜிபிஎஸ், வைஃபை வச்சு உங்க தெருவையே காட்டிடும். தேவையில்லாத ஆப்ல எல்லாம் இன்னைக்கே ஆஃப் பண்ணுங்க. மிரட்டல் மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு அவன பிளாக் பண்ணுங்க, திரும்பவும் வந்தா சைபர் கிரைம்ல புகார் குடுங்க.