மீன் போடும் முன் உங்கள் பங்கை எடுத்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ராயபுரத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குக் காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. வீட்டுக்கு மீன் வராத நாள் கிடையாது, ஞாயிறு என்றால் மட்டன். தை மாதத்திலிருந்து நான் கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. வேண்டுதல் எதுவும் இல்லை. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். பால், தயிர் சாப்பிடுவேன். மற்றவர்களுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு எனக்கு ரசம், பொரியல், தயிர்சாதம் என்று ஓட்டுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கே பசி கண்ணை இருட்டுகிறது. மீல் மேக்கர் செய்து பார்த்தேன், ஒரு மாதிரி வாடை. பனீர் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. "நாக்கு செத்தவ மாதிரி எத்தினி நாளைக்கு இப்படித் துன்னுவே?" என்கிறார் மாமியார். எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை. சுலபமாக ஏதாவது வழி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், ராயபுரம்

பதில்:

அன்புத் தோழிக்கு,

தனிச் சமையல் வேண்டியதே இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் ஒருவர் மட்டும் கறியை விடும்போது அவரைச் சோர வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு அடுப்பு வேலைதான்.

நீங்கள் மீன் குழம்பு வைக்கும் முறையை யோசித்துப் பாருங்கள். வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, குழம்புத் தூள் போட்டு, புளி கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுகிறீர்கள். மீன் கடைசியில்தான் இறங்குகிறது. அதுவரை சட்டியில் இருப்பது சைவக் குழம்புதானே? மீன் துண்டைக் கையில் எடுக்கும் முன் மூன்று கரண்டி குழம்பை ஒரு சின்னச் சட்டிக்கு மாற்றிவிடுங்கள். அதில் வேகவைத்த மொச்சையும் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயும் போட்டு, ஒரு கீற்று மாங்காயோடு ஒரு கொதி விட்டால் உங்கள் குழம்பு தயார். அதே ருசி, அதே கை. உங்கள் நாக்கு ஏங்குவதில் பாதி மீனுக்காக அல்ல, இந்தக் குழம்புக்காக. அதையும் சேர்த்து விட்டுவிட்டு ரசத்துக்குப் போனதால்தான் விரதம் இருப்பது போல் ஆகிவிட்டது.

மட்டனில் இந்த வழி நடக்காது, கறி ஆரம்பத்திலிருந்தே மசாலாவோடு வேகிறது. ஆனால் அரைக்கிற மசாலா எல்லோருக்கும் ஒன்றுதான். தேங்காய், சோம்பு, கசகசா அரைத்ததும் ஒரு கைப்பிடி உங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அதில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, மீல் மேக்கர் போட்டு வையுங்கள். எலும்பைக் கடித்து உறிஞ்சிய பழக்கத்துக்கு முருங்கைக்காய் ஓரளவு ஈடுகொடுக்கும், சிரிக்காதீர்கள்.

அடுத்தது அந்த நாலு மணிப் பசி. 55 கிலோ எடை உள்ளவருக்கு நம் அரிசிச் சாப்பாட்டில் நாளைக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். முன்பு 100 கிராம் மீனிலேயே கிட்டத்தட்ட 20 கிராம் வந்துகொண்டிருந்தது. இப்போது ரசத்திலும் பொரியலிலும் எங்கிருந்து வரும்? சாம்பார் வைக்கிறோமே என்பீர்கள். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம். அதை ஐந்து பேருக்குச் சாம்பாராக நீட்டினால் தலைக்கு நாலு கிராம் சொச்சம்தான். ஆகவே பருப்பைக் கெட்டியாக, நிறையச் சாப்பிட வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்கு வருகிற துவரம்பருப்பைச் சாம்பாரில் மட்டும் கரைக்காமல் பருப்பு உருண்டையாக, அடையாக, கீரைக் கடைசலாக மாற்றுங்கள். காலையில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ காராமணியோ சாயங்காலத்துக்குச் சுண்டல் ஆகிவிடும். கையில் ஒரு பிடி வேர்க்கடலை எப்போதும் இருக்கட்டும்.

இனி மீல் மேக்கர். வாடை அடித்ததற்குக் காரணம் அதை ஊறவைத்த தண்ணீர். எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வது அது, தண்ணீரில் போட்டதும் வாடையை விடும். பிழியாமல் அப்படியே குழம்பில் போட்டால் வாடை முழுக்கக் குழம்புக்கு இறங்கிவிடும். தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, மீல் மேக்கரைப் போட்டுப் பத்து நிமிடம் மூடுங்கள். வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிழியுங்கள். நுரையும் மஞ்சள் கலங்கலுமாக வரும். தண்ணீரை மாற்றி, நுரை நிற்கும்வரை பிழிய வேண்டும். பெரிய உருண்டைகளை இரண்டாக நறுக்கி, தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பிசறி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். பிழிந்து காலியான உருண்டை இப்போது மசாலாவைக் குடிக்கும். பிறகு தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரம் சிவக்கும்வரை புரட்டி எடுத்து, கடைசியில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுச் சுக்கா செய்து பாருங்கள். உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம். விலையோ பனீருக்குப் பக்கத்தில்கூட வராது.

கோலா உருண்டைக்கும் இதுவே போதும். பிழிந்த மீல் மேக்கரை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, சின்ன வெங்காயம், தேங்காய் சேர்த்து உருட்டிப் பொரியுங்கள். ஒன்று மட்டும் கவனம். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அந்த வேளையில் சோயா வேண்டாம், மாத்திரை உடம்பில் சேர்வதை அது குறைக்கும். மாத்திரை காலையில், மீல் மேக்கர் மதியமோ ராத்திரியோ. உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காளான், பலாக்காய், சேனைக்கிழங்கு மூன்றையும் கறிக்கு மாற்று என்பார்கள். கடிக்க, மெல்ல, ருசிக்கு நல்ல மாற்றுதான். சேனையைப் பட்டையாக நறுக்கி, புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, மீனுக்குத் தடவுகிற அதே மசாலா தடவித் தோசைக்கல்லில் வறுத்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே தட்டில் கை வைப்பார்கள். ஆனால் இவற்றில் புரதம் சொற்பம். சேனை வறுவல் செய்த நாளில் பக்கத்தில் பருப்போ சுண்டலோ இருக்க வேண்டும்.

கருவாட்டு வாசனைக்கு மட்டும் என்னிடம் மாற்று இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. மாங்காய் வற்றலும் சுண்டை வற்றலும் போட்ட காரக் குழம்பு பக்கத்தில் வரும், அவ்வளவே.

பனீரைத் தினமும் வாங்க வேண்டாம். மாதத்தில் ஒருநாள் தங்கசாலைத் தெருப் பக்கம் போகும்போது சௌகார்பேட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கறி தொடாத மார்வாடி, ஜைனக் குடும்பங்கள் அங்கே நிறைய. அவர்கள் வீட்டு 'கட்டா' நமக்கும் தோதானது. கடலை மாவில் ஓமம், உப்பு, எண்ணெய் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, விரல் தடிமனுக்கு உருட்டிக் கொதிதண்ணீரில் வேகவைத்து, துண்டு போட்டுக் குழம்பில் விடுவது. தயிர்க் குழம்புக்குப் பதில் நம் காரக் குழம்பிலும் விடலாம். சூப்பர் மார்க்கெட் பிரீசரில் இருக்கும் 'கறி போன்ற' பாக்கெட்டுகள் ஆசைக்கு ஒருநாள் சரி. விலையும் அதிகம், உப்பும் அதிகம்.

வெளியே சாப்பிடும்போது குஸ்காவைச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரியாணிக் கடைகளில் பெரும்பாலும் அது அதே அண்டாவில் கறித் துண்டை ஒதுக்கி அள்ளிய சோறுதான். பரோட்டாக் கடை சால்னாவும் 'வெறும் சால்னா' என்றாலும் கேட்டுவிட்டே ஊற்றச் சொல்லுங்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவீர்கள் என்றால் முட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உடம்பு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வது வைட்டமின் பி12 பற்றி. செடிகொடியிலிருந்து வரும் உணவில் அது இல்லை. முட்டையும் விட்டுவிட்டதால் உங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. தினமும் இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் குறையக் கூடாது. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, சில வருடம் கழித்துக்கூட வரும். கை கால் மரமரப்பு, ஓயாத அசதி என்று இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரையும் பயறும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் அந்தச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாமியார் சொல்வதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். மீன்பிடி வீட்டில் மருமகள் மீனை விட்டால் அவருக்கு ஒரு பதைப்பு இருக்கத்தான் செய்யும். "நம்ம பக்கத்துல இதெல்லாம் வழக்கமா?" என்று யாராவது கேட்டால், பக்கத்து ஏழுகிணறில் வாழ்ந்த வள்ளலாரைக் காட்டுங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் நல்ல மீன் குறையும், வருவதும் யானை விலை விற்கும். இத்தனை வருடத் தடைக்காலத்தை உங்கள் மாமியார் எந்தக் குழம்பை வைத்துச் சமாளித்தார் என்று அவரிடமே கேளுங்கள். மொச்சைக் குழம்பா, பருப்பு உருண்டையா, என்ன பக்குவம் என்று அவரையே ஒருநாள் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் மேலே எழுதியதைவிட அவர் சொல்வது உங்கள் வீட்டு நாக்குக்குப் பொருந்தும்.