படித்த நர்சிங் மடத்துக்குள் வீணாகுமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இப்போது கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று நிற்கிறாள். கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். நாலு சுவருக்குள் ஜெபம் சொல்லவா அந்தப் படிப்பு?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. ஆனால் 'நாலு சுவர்' என்கிறீர்களே, அதைத் தாண்டத்தான் சிஸ்டர்கள் முந்நூறு வருடம் போராடினார்கள்.

பாரிஸ் பக்கத்தில் சுரேன் என்ற ஊரில் மார்கரீத் நாசோ என்று ஒரு பெண். மாடு மேய்ப்பாள். போகிற வருகிறவர்களிடம் 'இது என்ன எழுத்து?' என்று கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றவள். அப்புறம் பாரிஸுக்குப் போய் ஏழை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். பிளேக் கண்ட ஒருத்தியைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்தாள். நோய் தொற்றி 1633-ல் இறந்துபோனாள். அதே வருடம் வின்சென்ட் தே பவுல் என்ற பாதிரியாரும் லூயிஸ் தெ மரிலாக் என்ற பெண்மணியும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையில் முதல் சிஸ்டர் என்று இவளைத்தான் சொல்கிறார்கள். துறவு பூண்ட பெண் மடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. அதனால் வின்சென்ட் இவர்களைத் துறவிகள் என்றே சொல்லவில்லை. நோயாளிகளின் வீடுதான் இவர்களுக்கு மடம், வாடகை அறைதான் துறவியின் அறை என்றார். இன்றும் அந்தச் சபையில் ஆண்டுதோறும் வார்த்தைப்பாட்டை, அதாவது கடவுளுக்குத் தரும் வாக்குறுதியைப் புதுப்பிக்கிறார்கள்.

நம் மண்ணில் நடந்ததையும் சொல்கிறேன். ஆண் டாக்டரிடம் காட்டாமலேயே பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த காலத்திலும், சிஸ்டர்கள் டாக்டர் தொழில் பார்க்கத் திருச்சபைச் சட்டம் விடவில்லை. மெல்போர்ன் டாக்டர் மேரி குளோரி 1920-ல் குண்டூர் வந்து சிஸ்டரானார். போப்பாண்டவரின் தனி அனுமதி பெற்றுத்தான் வைத்தியம் பார்த்தார். அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்திரிய டாக்டர் அன்னா டெங்கல், 1925-ல் மருத்துவத்துக்கென்றே ஒரு சபை தொடங்கினார். பிரசவம் பார்க்கவும் சேர்த்து ரோம் பொதுவாக அனுமதி தந்தது 1936-ல்தான்.

எல்லா மடமும் அப்படி இருந்ததில்லை. அயர்லாந்தில் சிஸ்டர்கள் நடத்திய மகதலேனா சலவைக்கூடங்களில் பெண்களை அடைத்து வைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996-ல். அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2013-ல். அதனால், 'எந்தச் சபை? அங்கே நர்சுகளுக்கு என்ன வேலை?' என்று மகளிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சேர்ந்தவுடன் கதவு பூட்டிக்கொள்ளாது. நவதுறவு என்கிற பயிற்சிக் காலம் குறைந்தது ஒரு வருடம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்று வருடம். இறுதி வார்த்தைப்பாடு அதற்குப் பிறகுதான். அடைக்க முடியாத கடனோடு வருபவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது என்றும் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. படிப்புக் கடன் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், மறுக்கமாட்டாள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சபை நடத்தும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய் வாருங்கள். விருந்தினர் அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல், வார்டுக்குள் போய்ப் பாருங்கள்.