புவெப்லாவுக்குப் போகிறவர்கள் கேட்டவை

மெக்சிகோவின் பழைய ஸ்பானியக் காலனி நகரமான புவெப்லாவைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மெக்சிகோ சிட்டியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

திரும்பலாம். சுமார் 130 கிலோமீட்டர்தான், டாப்போ பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஆனாலும் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் விடியற்காலையில் போப்போகாதேபெத்ல் எரிமலை தெரியும். மேகம் ஏறிவிட்டால் மறைந்துவிடும். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

முகவரியில் '5 ஓரியந்தே', '6 நோர்தே' என்றெல்லாம் வருகிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

இதைப் பிடித்துக்கொண்டால் வரைபடமே வேண்டாம். ஸ்பானியர்கள் 1531இல் இந்த ஊரை, இருந்த நகரத்தை இடித்துக் கட்டாமல், வெற்று நிலத்தில் புதிதாக அளந்து அமைத்தார்கள். அதனால் தெருக்களெல்லாம் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன. நோர்தே வடக்கு, சூர் தெற்கு, ஓரியந்தே கிழக்கு, போனியந்தே மேற்கு. நடுவில் இருக்கும் சோக்கலோ சதுக்கத்திலிருந்து எண்ணுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் வடபுறம் உள்ளவை இரட்டைப்படை, தென்புறம் உள்ளவை ஒற்றைப்படை. வடக்கு தெற்காக ஓடுபவற்றில் கிழக்கே இரட்டைப்படை, மேற்கே ஒற்றைப்படை. ஆக, 5 ஓரியந்தே என்றால் சதுக்கத்துக்குத் தெற்கே, கிழக்குப் பக்கம்.

ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பலரும் சாந்தோ தொமிங்கோ தேவாலயத்துக்குள் இருக்கும் ஜெபமாலைச் சிற்றாலயத்தைத்தான் சொல்வார்கள். 1690இல் அர்ச்சிக்கப்பட்டது. சுண்ணச் சிற்பங்களின் மேல் பொன்தகடு ஒட்டி, சுவர் முதல் குவிமாடம் வரை இழைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். (பூசை நடக்கும்போது உள்ளே சுற்றாதீர்கள்.)

என் தேர்வு பலஃபோக்சியானா நூலகம். பேராலயத்துக்கு எதிரே, மாடியில் இருக்கிறது. 1646இல் ஆயர் ஹுவான் தே பலஃபோக்ஸ் தம்முடைய 5,000 நூல்களை, குருக்களல்லாதாரும் வந்து படிக்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். இன்று 45,000க்கு மேல் இருக்கின்றன. அச்சுக்கலையின் தொடக்கக் காலப் புத்தகங்களும் அவற்றில் உண்டு. தேவதாரு மர அடுக்குகளின் வாசனையோடு அரைமணி நேரம் அங்கே நின்று பாருங்கள்.

புவெப்லாவில் ஒரு கேரளப் பெண்ணின் கல்லறை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

கல்லறை உண்மை, கேரளம் என்பதுதான் சரியில்லை. கொச்சி அவர் கடந்துவந்த துறைமுகம். அவரை அறிந்த பாதிரியார்கள் எழுதிய வரலாறுகள், வட இந்தியாவில் மொகலாயர் நாட்டில் பிறந்தவர் என்கின்றன. பெயர் மிர்ரா. சிறுமியாக இருந்தபோதே போர்ச்சுகீசியர் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்று கத்தரீனா தே சான் ஹுவான் ஆனார். பிறகு மணிலாவில் விற்கப்பட்டு, பசிபிக் கடலைக் கடந்து அகாபுல்கோவில் இறங்கி, புவெப்லாவில் ஒரு வணிகர் வீட்டுக்கு அடிமையாக வந்தார்.

அந்த ஊர் மக்கள் அவரைப் புனிதராகவே நினைத்தார்கள். 1688இல் அவர் இறந்ததும், பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்த சேசு சபைக் குரு அலோன்சோ ராமோஸ் அவர் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக எழுதினார். திருச்சபையின் சமய விசாரணை மன்றம் கத்தரீனாவின் படங்களை வைத்து வணங்குவதைத் தடுத்தது, அந்த நூலையும் தடைசெய்தது.

மெக்சிகோப் பெண்களின் மரபுடையான 'சீனா பொப்லானா' (புவெப்லாவின் சீனப் பெண்) அவர் உடுத்தியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது பிற்காலக் கதை. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் எல்லோரையும் அன்று 'சீனர்' என்றே அழைத்தார்கள். ஒரு சிறுமியைப் பிடித்து விற்ற கதை பூவேலைப் பாவாடைக்குள் மறைந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் கல்லறை இருக்கும் லா கொம்பாஞ்ஞியா தேவாலயத்துக்குப் போனால், அவருக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள்.

புவெப்லாவின் கைவினையான தலவேரா பீங்கான் அசல்தானா என்று எப்படி அறிவது?

அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள், பட்டறையின் பெயர் இருக்க வேண்டும். விரலால் தடவினால் வண்ணம் மெருகின் மேல் லேசாக மேடு தட்டும். வெள்ளை பால்போல இருக்கும், பளிச்சென்று இருக்காது. விலை மிகவும் குறைவென்றால் அது தலவேரா இல்லை.

நாங்கள் சைவம். மோலே சாப்பிடலாமா?

கவனம் தேவை. மிளகாய், எள், பட்டை, சாக்லேட் என்று நம் நாக்குக்கு நெருக்கமான குழம்புதான். ஆனால் பெரும்பாலும் கோழிச் சாற்றில் கொதிக்க வைக்கிறார்கள். பன்றிக் கொழுப்பும் சேரலாம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மேலே வைக்கும் கோழித்துண்டை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். "சின் கால்தோ தே போயோ, சின் மன்தேக்கா" (கோழிச் சாறு இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். பூசணிப்பூ வைத்த கேசதியா (மடித்த சோள ரொட்டி) கிடைக்கும். 6 ஓரியந்தேயில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மிட்டாய் வாங்குங்கள்.

புவெப்லாவுக்குப் பக்கத்து ஊரான சோலூலாவில் பிரமிடு எங்கே என்றே தெரியவில்லையாமே?

புல் மூடிய குன்றாகத் தெரிவதுதான் பிரமிடு. ஒரு பக்கம் ஏறக்குறைய 400 மீட்டர். கன அளவில் உலகிலேயே மிகப் பெரியது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதன் உச்சியில் மாதா கோயில் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1519இல், ஸ்பானியத் தளபதி கோர்தேஸின் படை இவ்வூரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தது.

அங்கிருந்து தொனான்சின்த்லா கிராமத்துத் தேவாலயம் பக்கம்தான். உள்ளே சுவரெங்கும் பழங்களும் இறகுகளும், மாநிற முகத்தோடு குட்டி தேவதூதர்களும். பூர்வகுடிக் கைவினைஞர்கள் தங்கள் முகங்களையே அங்கே செதுக்கி வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள்.